சாரணியர் இரவு முகாம்: இரவிலிருந்து தொடங்கித் திட்டமிடும் முறை

பள்ளிச் சாரணியர் படையின் முதல் இரவு முகாமுக்குத் திட்டம் போட உட்காருகிற ஆசிரியை பெரும்பாலும் நிகழ்ச்சி நிரலைத்தான் முதலில் கையில் எடுக்கிறார். எத்தனை மணிக்குக் கொடியேற்றம், என்ன விளையாட்டு, முகாம் தீயில் யார் பாடுவது, சிறப்பு விருந்தினராக யாரை அழைப்பது என்று தாள் நிரம்பிவிடுகிறது. எல்லோரும் எங்கே குளிப்பது, நள்ளிரவில் ஒரு பிள்ளைக்கு வயிறு வலித்தால் யாரை எழுப்புவது, கழிப்பறைக்குப் போகும் வழியில் விளக்கு எரிகிறதா என்பவையெல்லாம் கடைசி வாரத்தில்தான் நினைவுக்கு வருகின்றன. இந்த வரிசையை அப்படியே திருப்பிப் போட வேண்டும் என்பதே என் கருத்து. இரவு ஒன்பது மணி முதல் காலை ஏழு மணி வரையிலான பத்து மணி நேரத்தை முதலில் எழுதி முடித்துவிட்டால், எந்த இடம், எத்தனை பேர், எவ்வளவு செலவு, பகலில் எவ்வளவு நிகழ்ச்சி என்பதற்கெல்லாம் எல்லை தானாகத் தெரிந்துவிடும்.

இங்கே சொல்லப்படுபவை தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பாரத சாரண சாரணியர் இயக்கத்தின் கீழ் இயங்கும், ஏறத்தாழ 10 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளைக் கொண்ட சாரணியர் படையை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. எட்டுப் பேர் கொண்ட நான்கு அணிகள், ஆக 32 பிள்ளைகள், அவர்களோடு நான்கு பெண் பொறுப்பாளர்கள், சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்குத் தொடங்கி ஞாயிறு மாலை நான்கு மணிக்கு முடியும் ஓர் இரவு என்பதைக் கணக்குக்கு அடிப்படையாகக் கொண்டிருக்கிறேன். ஊர் நூலகத்தையோ விளையாட்டுக் கழகத்தையோ ஒட்டி இயங்கும் சிறுமியர் மன்றங்களுக்கும் இவற்றில் பெரும்பகுதி பொருந்தும்.

இடமும் நாளும்

முதல் முகாமுக்குச் சொந்தப் பள்ளி வளாகத்தைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. பிள்ளைகள் இதைக் கேட்டவுடன் முகம் சுளிப்பார்கள். ஏலகிரிக்கோ கொல்லிமலைக்கோ போகலாம் என்பார்கள். ஆனால் பகலில் மட்டுமே பார்த்துப் பழகிய பள்ளி இரவில் அவர்களுக்கு முற்றிலும் புதிய இடம்தான். ஆசிரியைக்கோ எந்தக் குழாயில் தண்ணீர் வரும், எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு, காவலரின் வீடு எங்கே என்பதெல்லாம் தெரிந்திருக்கிறது. மேலும், கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. மதியம் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வேனில் ஏறிய பிள்ளைகளில் சிலராவது மேலே போய்ச் சேரும்போது வாந்தி எடுத்துச் சோர்ந்திருப்பார்கள். முதல் மாலை அவர்களைத் தேற்றுவதிலேயே போய்விடும். பள்ளியில் ஓர் இரவு தங்கிப் பழகிய படைக்கு அடுத்த ஆண்டு மலை நன்றாகவே அமையும்.

மலைக்குப் போகும் ஆண்டிலும் காட்டுக்குள் நடைப்பயணம் வைப்பதாக இருந்தால் வனத்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதியும், அத்துறை அனுப்பும் வழிகாட்டியும் இல்லாமல் ஓர் அடிகூட உள்ளே எடுத்துவைக்கக் கூடாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பரவிய காட்டுத் தீயில் சிக்கி, நடைப்பயணம் சென்றவர்களில் 23 பேர் உயிரிழந்தார்கள். பிப்ரவரி பிற்பாதியிலிருந்து புல் காய்ந்து, தீப்பற்றும் பருவம் தொடங்கிவிடுகிறது என்பதை நாள் குறிக்கும்போதே கணக்கில் கொள்ள வேண்டும். அருவி, அணை, கிணறு, கடல் ஆகியவற்றில் குளியல் என்பதை நிகழ்ச்சி நிரலில் சேர்க்கவே வேண்டாம். இதில் என் கருத்துக்கு விதிவிலக்கு கிடையாது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, மார்ச்சில் பொதுத் தேர்வு, ஏப்ரலிலும் மேயிலும் வெயில் என்று கழித்துக்கொண்டே வந்தால், பொங்கல் விடுமுறை முடிந்த பின் வரும் நான்கைந்து வாரங்கள்தான் மிஞ்சும். உலகச் சிந்தனை நாளாகச் சாரணியர் கொண்டாடும் பிப்ரவரி 22-ஐ ஒட்டி முகாம் வைப்பதும் இதனால் வசதியாகவே அமைகிறது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அப்போது திருப்புதல் தேர்வுகள் நடக்கும். அவர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டுமானால் ஜூலை அல்லது ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமையைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் தென்காசி, கன்னியாகுமரிப் பக்கம் அப்போது தென்மேற்குப் பருவமழை இருக்கும். வட மாவட்டங்களில் மாலை நேரத்து இடிமழை திடீரென வரும். அப்போது எல்லோரும் ஒதுங்க ஒரு கூடம் கட்டாயம் வேண்டும்.

இருட்டிய பின் ஒரு முறை பார்த்துவர வேண்டும்

முகாம் இடத்தைப் பகலில் பார்ப்பது போதாது. இரவு எட்டு மணிக்கு மேல் இரண்டு பொறுப்பாளர்கள் கையில் டார்ச்சுடன் போய், உறங்கும் கூடத்திலிருந்து கழிப்பறை வரை நடந்து பார்க்க வேண்டும். எந்த இடத்தில் வெளிச்சம் இல்லை, எங்கே படி உடைந்திருக்கிறது, சுற்றுச்சுவரில் எங்கே ஆள் ஏறி வரும் அளவுக்கு இடைவெளி இருக்கிறது என்பது அப்போதுதான் கண்ணில் படும். ஒவ்வொரு கழிப்பறைக்கும் குளியலறைக்கும் உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுப் பார்க்க வேண்டும். தாழ்ப்பாள் இருக்கும், ஆனால் அது விழ வேண்டிய துளை பெயர்ந்து போயிருக்கும். பிள்ளைகள் ஒருத்தியைக் கதவுக்கு வெளியே காவல் நிறுத்திவிட்டுப் போய்வந்து கொண்டிருப்பார்கள், யாரும் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார்கள். துணி மாட்ட ஓர் ஆணி, உள்ளே ஒரு பல்பு, சன்னலுக்கு ஒரு மறைப்பு ஆகியவை இருக்கின்றனவா என்று பார்ப்பதுடன், கண்காணிப்புக் கேமரா எதுவும் குளியலறை வாசலையோ உறங்கும் கூடத்தின் உட்பக்கத்தையோ நோக்கியிருக்கவில்லை என்பதையும் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

அடுத்தது தண்ணீர். குளிக்க 20 லிட்டர், கழிப்பறைக்கு 15, குடிக்க, சமைக்க, பாத்திரம் கழுவ 15 என்று ஆளுக்கு 50 லிட்டர் வைத்தால் 36 பேருக்கு 1,800 லிட்டர் ஆகிறது. மேலே இருப்பது 1,000 லிட்டர் தொட்டி என்றால் இரவில் ஒரு முறை மீண்டும் நிரப்பியாக வேண்டும். மின்சாரம் போனால் என்ன செய்வது என்பதற்கும் விடை வேண்டும். இரண்டு பெரிய டிரம்களில் முந்தின நாளே தண்ணீர் பிடித்து வைப்பதுதான் எளிய விடை.

காலைக் குளியலின் கணக்குதான் ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சி நிரலையே தீர்மானிக்கிறது. நான்கு குளியலறைகள் இருந்தால், ஒருவருக்கு எட்டு நிமிடம் என்று வைத்துக்கொண்டாலும் 32 பிள்ளைகளுக்கு எட்டுச் சுற்றுகள், அதாவது 64 நிமிடங்கள் ஆகும். ஐந்தரைக்கு எழுந்தால் ஆறு நாற்பதுக்குள் முடித்துவிடலாம். இரண்டே குளியலறைகள் என்றால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அப்போது கொடியேற்றம் தள்ளிப்போகும், காலை உணவு ஆறிப்போகும், பொறுப்பாளர்கள் வாசலில் நின்று சத்தம் போடத் தொடங்குவார்கள். இரண்டு அணிகள் சனிக்கிழமை மாலையிலும் இரண்டு அணிகள் காலையிலும் குளிப்பது என்று முன்கூட்டியே பிரித்துவிட்டால் இந்தச் சிக்கல் எழாது.

உடன் இருக்கும் பெரியவர்கள்

2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில், ஒரு தனியார் பள்ளியில் போலியாக நடத்தப்பட்ட என்.சி.சி. முகாமில் சிறுமி ஒருவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். முகாம் நடத்தியவர்களுக்கு என்.சி.சி.யுடன் எந்தத் தொடர்பும் இல்லை என்பது பிறகுதான் வெளியே தெரிந்தது. சீருடையும் விசிலும் வைத்திருப்பவரெல்லாம் பயிற்சியாளர் ஆகிவிட மாட்டார். முடிச்சு கற்றுத்தரவோ உடற்பயிற்சி அளிக்கவோ வெளியாள் ஒருவர் வருவதாக இருந்தால், அவர் எந்த அமைப்பிலிருந்து வருகிறார் என்பதை அந்த அமைப்பின் மாவட்ட அலுவலகத்திலேயே நேரில் கேட்டு உறுதி செய்த பிறகுதான் வளாகத்துக்குள் விட வேண்டும். அவர் பகலில் வந்து பகலிலேயே திரும்பிவிட வேண்டும்.

இரவில் தங்கும் பொறுப்பாளர்கள் அனைவரும் பெண்களாகவே இருக்க வேண்டும். எட்டுப் பிள்ளைகளுக்கு ஒருவராவது வேண்டும். எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையுடனும் மூடிய கதவுக்குள் தனியாக இருக்கக் கூடாது என்ற விதி பெண் ஆசிரியைகளுக்கும் பொருந்தும். ஓட்டுநர், காவலர், பாத்திரம் கொண்டுவருபவர் போன்றோர் மாலை ஆறு மணிக்கு மேல் உறங்கும் கட்டடத்தின் பக்கம் வரக் கூடாது என்பதை அவர்களிடம் முகத்துக்கு நேரே, மரியாதையாக, முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். போக்சோ எனப்படும் 2012-ஆம் ஆண்டின் குழந்தைகள் பாதுகாப்புச் சட்டப்படி, குற்றம் நடந்ததை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காமல் மறைப்பதும் தண்டனைக்குரிய குற்றம். பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்று விஷயத்தை உள்ளுக்குள்ளேயே பேசி முடிக்க யாராவது முன்வந்தால், அவர்களுக்கு இதை எடுத்துச்சொல்ல ஆசிரியைக்குத் தெரிந்திருக்க வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098, மகளிர் உதவி எண் 181, அவசர உதவி 112, ஆம்புலன்ஸ் 108 ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் எழுதிக் கூடத்தின் சுவரில் ஒட்டி, முதல் மாலையிலேயே பிள்ளைகளை வாய்விட்டுப் படிக்கச் சொல்வது நல்லது.

தலைமையாசிரியரின் அனுமதி, இயக்கத்தின் மாவட்ட அமைப்புக்குக் கடிதம், உள்ளூர்க் காவல் நிலையத்துக்கு ஒரு தகவல் ஆகிய மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். காவல் நிலையத்தில் கடிதம் கொடுத்தால் இரவு ரோந்து அந்தப் பக்கமாக ஒரு சுற்று வரும் வாய்ப்பு உண்டு, கேட்பதில் தவறில்லை.

பெற்றோரிடம் கேட்க வேண்டியவை

ஒப்புதல் கடிதத்தில் கையொப்பம் வாங்குவது எளிது. பயன்படும் தகவலை வாங்குவதுதான் கடினம். ஆஸ்துமா, வலிப்பு, உணவு ஒவ்வாமை, வழக்கமாக உட்கொள்ளும் மருந்து ஆகியவற்றுடன், தூக்கத்தில் நடக்கும் பழக்கம், படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பழக்கம், மாதவிடாய்க் காலத்தில் கடும் வலி வருமா என்பதையும் கேட்க வேண்டும். இவற்றைப் படிவத்தில் எழுதப் பெற்றோர் தயங்குவார்கள். ஆகவே பெற்றோர் கூட்டத்துக்குப் பிறகு ஒவ்வொரு தாயிடமும் இரண்டு நிமிடம் தனியாகப் பேசி ஆசிரியையே குறித்துக்கொள்வது பலன் தரும். ஞாயிறு மாலை பிள்ளையை யார் வந்து அழைத்துச் செல்வார் என்பதைப் பெயருடனும் உறவு முறையுடனும் எழுதி வாங்க வேண்டும். பட்டியலில் இல்லாத சித்தப்பாவோ மாமாவோ வந்து நின்றால், பெற்றோரைத் தொலைபேசியில் கேட்காமல் அனுப்பக் கூடாது.

பிள்ளைகளின் கைப்பேசிகள் வீட்டிலேயே இருக்கட்டும். அதற்கு ஈடாக, சனிக்கிழமை இரவு எட்டரை மணிக்கு எல்லோரும் சாப்பிட்டாயிற்று என்ற ஒரு செய்தியும், காலை ஏழு மணிக்கு எல்லோரும் எழுந்தாயிற்று என்ற ஒரு செய்தியும் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போகும் என்று வாக்குக் கொடுத்து அதைத் தவறாமல் காப்பாற்ற வேண்டும். எட்டரை மணிச் செய்தி ஒன்பது மணிக்குப் போனால் அதற்குள் பத்து அழைப்புகளாவது வந்திருக்கும். படங்களைப் பொறுப்பாளர் ஒருவர் மட்டுமே எடுக்க வேண்டும்; எந்தப் படமும் பொதுவெளியில் போகக் கூடாது.

கட்டணம் கட்ட இயலாத பிள்ளையின் பெயர் எந்தப் பட்டியலிலும் தனியாகத் தெரியக் கூடாது. மொத்தச் செலவில் பத்தில் ஒரு பங்கைக் கையிருப்பாக ஒதுக்கினால், இந்த இரண்டு மூன்று பேருக்கும் அதிலேயே இடமிருக்கும்.

உறங்கும் கூடம்

தரையில் பாய் விரித்துப் படுப்பவர்களைத்தான் கட்டுவிரியன் அதிகம் கடிக்கிறது. அது இரவில் நடமாடும் பாம்பு. கடித்த இடத்தில் பெரும்பாலும் வலியோ வீக்கமோ இருக்காது. ஆகவே திறந்த வராந்தா, கூரைக் கொட்டகை, கதவின் அடியில் இடைவெளி உள்ள அறை ஆகியவை உறங்குவதற்கு ஏற்றவை அல்ல. கூடத்தை மாலையிலேயே பெருக்கி, கதவிடுக்கில் பழந்துணியைச் சுருட்டி வைத்து அடைக்க வேண்டும். எலி வந்தால் பாம்பு வரும் என்பதால், பைக்குள் முறுக்கும் சிப்ஸும் வைத்துக்கொண்டு யாரும் படுக்கக் கூடாது. அதிகாலையில் ஒரு பிள்ளை காரணமில்லாமல் வயிற்றுவலி என்றோ கண் இமை தூக்க முடியவில்லை என்றோ சொன்னால், கடித்த தடம் தெரியவில்லை என்று காத்திருக்காமல் உடனே 108-ஐ அழைக்க வேண்டும். கட்டுப்போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது. பிள்ளையை நடக்கவிடாமல் படுக்க வைத்தே கொண்டுசெல்ல வேண்டும். பாம்புக்கடி நச்சுமுறி மருந்து இருப்பில் உள்ள அரசு மருத்துவமனை எது என்பதை முகாமுக்கு முன்பே விசாரித்து வைத்திருப்பது அவசியம்.

படுக்கும் இடத்தை அணிவாரியாகப் பிரித்து, சுவர்ப்பக்கம் தலை வைத்து, நடுவில் நடக்க வழி விட்டுப் பாய்களை விரிக்க வேண்டும். ஒரு பொறுப்பாளர் கதவருகிலும் இன்னொருவர் எதிர்க் கோடியிலும் படுக்க வேண்டும். அவர்கள் எந்த இடத்தில் படுத்திருக்கிறார்கள் என்பதை விளக்கணைக்கும் முன் பிள்ளைகள் எல்லோரும் பார்த்திருக்க வேண்டும். மூடிய கூடத்தில் கொசுவர்த்திச் சுருள் ஏற்றினால் புகையும் சூழும், பாயில் தீயும் பற்றும். சன்னலுக்கு வலை அடிப்பதோ உடலில் பூசும் களிம்போ மேல். இரவில் கழிப்பறைக்கு மூவராகப் போக வேண்டும். இருவர் போனால், ஒருத்தி உள்ளே இருக்கும்போது மற்றவள் இருட்டில் தனியாக நிற்க நேரிடும்.

முதல் மாதவிடாய் முகாமில் வைத்தே வந்துவிடும் பதினொரு வயதுப் பிள்ளை இருக்கக்கூடும். நாப்கின், மாற்று உள்ளாடை, பழைய செய்தித்தாள், மூடியுள்ள குப்பை வாளி, ஒரு வெந்நீர்ப் பை ஆகியவை கழிப்பறையை ஒட்டிய அலமாரியில், யாரையும் கேட்காமல் எடுத்துக்கொள்ளும்படி இருக்க வேண்டும். அந்தப் பிள்ளையைத் தனியாக உட்கார வைப்பதோ, சமையல் பக்கம் போகாதே என்பதோ முகாமில் நடக்கக் கூடாது. பொறுப்பாளர்களுள் ஒருவர் வழக்கத்தை இழுத்துவந்து பேசினால் மூத்த ஆசிரியை அங்கேயே தடுத்துவிட வேண்டும்.

வீட்டு நினைவில் அழும் பிள்ளை பெரும்பாலும் விளக்கணைத்த பிறகுதான் அழத் தொடங்கும். உடனே வீட்டுக்குத் தொலைபேசியில் பேசவிட்டால் அழுகை இரு முனையிலும் பெருகும். முகம் கழுவச் செய்து, சூடாக ஏதாவது குடிக்கக் கொடுத்து, மறுநாள் காலை கொடிக்கயிற்றை எடுத்துவைக்கும் பொறுப்பு உன்னுடையது என்பது போல ஒரு வேலையைச் சொல்லிப் படுக்க வைத்தால் பலர் உறங்கிவிடுவார்கள். அப்படியும் அடங்காமல் மீண்டும் கேட்கும் பிள்ளைக்குத் தொலைபேசியை மறுக்கவும் கூடாது.

அடுப்படி

சமையலுக்கு ஆள் வைத்துவிட்டால் முகாமில் பாதி வேலை குறையும். பிள்ளைகள் கற்றுக்கொள்வதிலும் பாதி குறைந்துவிடும். சாரணியர் முறையில் அணிதான் உயிர். எட்டுப் பேர் சேர்ந்து ஒரு வேளை உணவை மற்றவர்களுக்குச் சமைத்துப் போடுவதைப்போல ஓர் அணியை இறுக்கிக் கட்டுவது வேறொன்றில்லை. முதல் முகாமுக்கு உணவுப் பட்டியல் எளிதாக இருக்க வேண்டும். சனிக்கிழமை மதியம் வீட்டிலேயே சாப்பிட்டு வரட்டும். மாலைக்குக் கொண்டைக்கடலைச் சுண்டலும் சுக்குமல்லிக் காப்பியும், இரவுக்கு அரிசியும் பருப்பும் சேர்த்த ஒரே பாத்திரச் சாதமும் அப்பளமும் தயிரும், காலைக்கு ரவை உப்புமாவும் சட்னியும், ஞாயிறு மதியம் சோறு, சாம்பார், ஒரு பொரியல், அவித்த முட்டை என்பது 36 பேருக்குப் பிள்ளைகளே சமாளிக்கக்கூடிய பட்டியல்.

சுண்டலுக்குக் கடலை ஒன்றரை கிலோ. அதைக் காலையிலேயே ஊறவைக்க ஓர் ஆள் வேண்டும். இரவுச் சாதத்துக்கு அரிசி 4 கிலோ, துவரம்பருப்பு ஒரு கிலோவுக்குச் சற்று மேல். உப்புமாவுக்கு ரவை 3 கிலோ. மதியச் சோற்றுக்கு ஆளுக்கு 125 கிராம் வீதம் அரிசி நாலரை கிலோ, சாம்பாருக்குப் பருப்பு ஒரு கிலோ. நாலரை கிலோ அரிசியை ஒரே பானையில் வடிப்பது பெரியவர்களுக்கே ஆபத்தான வேலை. இரண்டு பானைகளாகப் பிரித்து வேகவைத்து, கஞ்சி வடிக்கும் வேலையைப் பொறுப்பாளர்கள் மட்டுமே செய்ய வேண்டும். இரவுக்கு அரிசி பருப்புச் சாதத்தைச் சொன்னதே, அதில் வடிக்கும் வேலை இல்லை என்பதற்காகத்தான். அடுப்பருகே நிற்பவர்கள் துப்பட்டாவை இடுப்பில் குறுக்காகக் கட்டியிருக்க வேண்டும்; நைலான் துணி உடுத்தியவர்கள் அந்தப் பக்கமே வரக் கூடாது.

தாமரை, மல்லிகை, ரோஜா, சூரியகாந்தி என்ற நான்கு அணிகளுக்கும் சமையல், தண்ணீரும் பரிமாறலும், பாத்திரமும் வளாகத் தூய்மையும், கொடியும் நிகழ்ச்சியும் என்ற நான்கு பணிகள் வேளைக்கு வேளை சுழன்று வரும்படி ஓர் அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். எழுதி ஒட்டுவதில் ஒரு நியாயம் இருக்கிறது. எழுதாமல் விட்டால், நன்றாகச் சமைப்பாள் என்று சிலரும், கூப்பிட்டால் மறுக்க மாட்டாள் என்று சிலரும் ஒரே வேலையில் தங்கிவிடுவார்கள். யார் எந்த வேலையில் தங்குகிறார்கள் என்பதில் நம் ஊரின் சாதியும் சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்துகொள்ளும். கழிப்பறை கழுவும் வேலையை மட்டும் பிள்ளைகளின் அட்டவணையில் சேர்க்கவே கூடாது. அதற்குக் கூலி கொடுத்து ஆள் அமர்த்த வேண்டும். இடையில் தேவைப்பட்டால் பொறுப்பாளர்களே வாளி எடுத்துத் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

பகல் நிகழ்ச்சிகள்

இரவும் குளியலும் சமையலும் எடுத்துக்கொண்டது போக, நிகழ்ச்சிகளுக்கு மிஞ்சுவது மொத்தம் ஆறேழு மணி நேரம்தான். இதில் ஒரு மணி நேரத்தை ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கு விட்டுவிட வேண்டும். சிறப்பு விருந்தினர் உரை வேண்டாம்; அவருக்காகப் பிள்ளைகள் வெயிலில் வரிசையில் நிற்கும் நேரத்தில் ஒரு விளையாட்டை முடித்துவிடலாம்.

சனிக்கிழமை பிற்பகலுக்கு முகாமுக்கு உண்மையிலேயே தேவைப்படும் ஒரு பொருளைக் கட்டும் வேலை ஏற்றது. ஒவ்வோர் அணிக்கும் ஆறடி மூங்கில் கழிகளும் சணல் கயிறும் கொடுத்து, ஓர் அணி செருப்பு அடுக்கும் தட்டையும், இன்னோர் அணி தட்டு உலர்த்தும் தாங்கியையும், மற்றவை துண்டு காயப்போடும் கொடியையும் கைகழுவும் வாளித் தாங்கியையும் கட்டச் சொல்லலாம். குளோவ் ஹிட்ச் முடிச்சில் தொடங்கி, இரண்டு கழிகளையும் சுற்றி மூன்று நான்கு சுற்று இழுத்து, கழிகளுக்கு இடையே குறுக்கே இரண்டு சுற்று நெருக்கி, மீண்டும் அதே முடிச்சில் முடிக்கும் சதுரக் கட்டைக் கரும்பலகையில் வரைந்து விளக்கிப் பயனில்லை. குறுக்குச் சுற்றை நெருக்காமல் விட்ட அணியின் தாங்கி இரவு உணவின்போது தட்டுகளோடு சாயும். மறுநாள் யாரும் சொல்லாமலே அதை இறுக்கிக் கட்டியிருப்பார்கள்.

மாலையில் தடம் பார்த்துச் செல்லும் விளையாட்டு வைக்கலாம். ஓர் அணி முன்னால் போய்க் குச்சியாலும் கல்லாலும் கோலமாவாலும் குறியிட்டுச் செல்ல, மற்ற அணிகள் பத்து நிமிடம் கழித்துப் பின்தொடர வேண்டும். அம்புக்குறி என்றால் இந்த வழி, பெருக்கல் குறி என்றால் இந்த வழி வேண்டாம், வட்டத்தின் நடுவே புள்ளி என்றால் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவலுக்குக் கென்யாவின் நியேரியில் உள்ள கல்லறைக் கல்லிலும் இந்த வட்டமும் புள்ளியும்தான் செதுக்கப்பட்டிருக்கின்றன என்று சொன்னால் பிள்ளைகள் அந்தக் குறியை மறக்க மாட்டார்கள். மழை வந்தால் கைவசம் கிம் விளையாட்டு இருக்கட்டும். ஒரு தட்டில் 24 சிறு பொருள்களை வைத்து ஒரு நிமிடம் காட்டி மூடிவிட்டு, நினைவிலிருந்து 16-ஐயாவது எழுதச் சொல்வது அது. கடுகு, வெந்தயம், சீரகம் என்று மூன்று கிண்ணங்களை உள்ளே கலந்து வைத்தால் மூத்த பிள்ளைகளும் திணறுவார்கள்.

பிப்ரவரித் தொடக்கத்தில் இரவு எட்டு மணிக்கு அரைமணி நேரம் வானம் பார்க்கலாம். தலைக்கு மேலே ஓரியன் விண்மீன் கூட்டம் நிற்கும். அதிலுள்ள சிவந்த விண்மீன் திருவாதிரை, மேற்கே சற்றுத் தள்ளி ரோகிணி, அதற்கும் அப்பால் கொத்தாகக் கார்த்திகை, தெற்கே தாழ்வாக அகத்தியர். தன் நட்சத்திரம் திருவாதிரை என்று அருச்சனைச் சீட்டில் மட்டுமே பார்த்திருந்த பிள்ளை, அது கையை நீட்டிக் காட்டக்கூடிய ஒன்று என்று அறிவது எந்த உரையும் தராத வியப்பு.

முகாம் தீ

தீ மூட்டும் இடம் கூடத்திலிருந்தும் மரக்கிளைகளிலிருந்தும் நன்றாகத் தள்ளி, சருகு நீக்கிய வெறும் தரையாக இருக்க வேண்டும். கட்டைகளைச் சதுரமாகக் குறுக்கும் நெடுக்கும் அடுக்கி, நடுவில் காய்ந்த தென்னம்பாளையும் சிராய்த்துண்டுகளும் வைத்தால் மண்ணெண்ணெய் தேவையில்லை. தீ சுணங்குகிறதே என்று எரியும் கட்டையின் மேல் எண்ணெய் ஊற்றும் வேலையை யாரும், எந்தக் காரணத்துக்காகவும், செய்யக் கூடாது. இரண்டு வாளித் தண்ணீரும் இரண்டு வாளி மணலும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அவற்றுக்கென்று ஒரு பொறுப்பாளர் நிகழ்ச்சி முழுவதும் அங்கேயே நிற்க வேண்டும்.

நிகழ்ச்சி ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. தீ உயர்ந்து எரியும்போது கும்மி, ஒயிலாட்டம், கைதட்டிப் பாடும் பாடல்கள், சிரிக்க வைக்கும் குறுநாடகங்கள். தீ தணியத் தணியக் கதை, மெல்லிய பாடல், கடைசியில் வழிபாட்டுப் பாடல் என்று வரிசை இறங்கிவர வேண்டும். இந்த வரிசையைக் கடைப்பிடித்தால் பத்து மணிக்குப் பிள்ளைகள் தாமாகவே அடங்கிப் படுப்பார்கள். ஆட்டத்தோடு முடித்தால் பன்னிரண்டு மணி வரை கூடத்தில் பேச்சு ஓயாது. சினிமாப் பாட்டுக்குத் தடை போட வேண்டியதில்லை. ஆனால் ஒலிபெருக்கி வேண்டாம். ஒவ்வொரு நாடகத்தையும் மேடையேறும் முன் அணித்தலைவியிடம் சுருக்கமாகக் கேட்டுக்கொள்வது நல்லது. யாருடைய நிறத்தையோ உடம்பையோ பேச்சையோ கேலி செய்யும் காட்சி பெரும்பாலும் சிரிப்புக்காகத்தான் நுழையும்.

அதற்கு முந்தைய ஆறு வாரங்கள்

இத்தனையும் ஒரே நாளில் பிள்ளைகளின் கைக்கு வராது. முதல் இரண்டு சனிக்கிழமைகளில் முடிச்சும் கட்டும், மூன்றாவது சனிக்கிழமை பள்ளி மைதானத்தில் ஒவ்வோர் அணியும் தன் எட்டுப் பேருக்கு மட்டும் உப்புமா கிண்டிச் சாப்பிடும் ஒத்திகை, நான்காவது வாரம் காலையில் போய் மதியம் திரும்பும் ஒரு நடை, ஐந்தாவது வாரம் பெற்றோர் கூட்டம், ஆறாவது வாரம் பொருள்களைச் சரிபார்ப்பது என்று வைத்துக்கொள்ளலாம். நடைக்குக் கூட்டிப்போகும் நாளிலேயே ஆள் எண்ணும் பழக்கத்தைத் தொடங்கிவிட வேண்டும். ஒவ்வோர் அணித்தலைவியும் தன் அணியை எண்ணிச் சொல்ல, ஆசிரியை மொத்தத்தைத் தனியாக எண்ணி ஒப்பிட வேண்டும். முகாமில் இது மாலை ஆறு மணி, உணவுக்குப் பின், விளக்கணைக்கும் முன், எழுந்தவுடன் என்று நான்கு முறை நடக்கும்.

அணித்தலைவியர் நால்வரும் ஆசிரியையும் உட்காரும் கூட்டம் வாரம் ஒரு முறை நடக்கட்டும். உணவுப் பட்டியல், அணிகளின் பணிச் சுழற்சி, முகாம் தீயின் நிகழ்ச்சிகள் ஆகியவற்றை அவர்களே முடிவு செய்ய வேண்டும். இரவு, தண்ணீர், மருந்து, கதவு ஆகிய நான்கும் ஆசிரியையின் பொறுப்பு. அவற்றில் வாக்கெடுப்பு இல்லை. கூட்டத்தில் ஆசிரியை பேசும் நேரம் குறையக் குறையப் பிள்ளைகள் பேசத் தொடங்குவார்கள். உப்புமா வேண்டாம், இட்லிதான் வேண்டும் என்று அவர்கள் முடிவெடுத்தால், முப்பத்தாறு பேருக்கு எத்தனை இட்லி, எத்தனை தட்டு, ஒரு ஈடுக்கு எத்தனை நிமிடம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு வரச் சொன்னால் போதும்.

ஞாயிறு மாலை புறப்படும் முன் தீ மூட்டிய இடத்தில் தண்ணீர் ஊற்றிச் சாம்பலைக் கையால் தொட்டுப் பார்த்து மண் மூட வேண்டும். கடன் வாங்கிய பாத்திரங்களை எண்ணிக் கொடுத்து, மிஞ்சிய அரிசி பருப்பை எடைபோட்டு எழுதி, வரவு செலவைத் திங்கட்கிழமைக்குள் பெற்றோர் குழுவில் போட்டுவிட வேண்டும். அந்த வாரத்து அணித்தலைவியர் கூட்டத்தில், எது போதவில்லை, எது வீணானது, எந்தப் பல்பு எரியவில்லை என்பதை ஒரு நோட்டில் பிள்ளைகளின் கையெழுத்திலேயே எழுதி வாங்கி, அடுத்த முகாமின் முதல் கூட்டத்தில் திறப்பதற்காகப் படையின் பெட்டிக்குள் வைத்துவிடலாம்.